கைக்கு வராத மானியம்

நலிந்த பகுதிகளின் பொருளாதாரம் உயர அரசு வழங்கும் மானியம் இருவழிகளில் வந்து சேரலாம்: ஊருக்கு வரலாம், அல்லது ஆளுக்கு வரலாம். அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பொருளாதார வளர்ச்சி நிர்வாகம் முதல் வழியைச் சார்ந்தது. ஒரு வட்டாரத்தின் வேலையின்மை இரண்டாண்டுச் சராசரியில் நாட்டுச் சராசரியைவிட ஒரு சதவிகிதப் புள்ளியேனும் மிகுந்திருந்தாலோ, தலைவீத வருமானம் நாட்டுச் சராசரியில் 80 சதவிகிதத்தைத் தாண்டாதிருந்தாலோ அவ்வட்டாரம் உதவிக்குத் தகுதி பெறும். பணம் செல்வது உள்ளாட்சிகளுக்கும் பொது அமைப்புகளுக்குமே. தனியொருவர் கடை வைக்க அதில் இடமில்லை.

நம் நாட்டிலும் அவ்வழி இருந்தது. 2006-07இல் தொடங்கிய பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி முதலில் 250 மாவட்டங்களுக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகியவை அதன் பயனைப் பெற்றன. 2015-16இல் அதற்கான மத்திய அரசின் ஆதரவு நின்றது. 2018 சனவரியில் வந்த முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டம் வேறு வகையானது. 112 மாவட்டங்களை 49 குறியீடுகளால் அளந்து மாதந்தோறும் தரவரிசையிடுவது அதன் முறை. அதற்கெனப் பெரிய தனி நிதி கிடையாது. ஏற்கெனவே உள்ள திட்டங்களை அம்மாவட்டங்களில் ஒருமுகப்படுத்துவதே நோக்கம். தமிழ்நாட்டில் இராமநாதபுரமும் விருதுநகரும் அப்பட்டியலில் உள்ளன. தில்லியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் சென்றடையக்கூடிய அரியானாவின் நூஹ் மாவட்டமும் அதில் ஒன்று. 2018ஆம் ஆண்டின் முதல் தரவரிசையில் அது கடைசி இடத்தில் நின்றது. தலைநகரின் பெருஞ்சந்தைக்கு இத்துணை அருகில் இருந்தும் அந்நிலை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரண்டாம் வழியான ஆளுக்கு வரும் மானியத்தில் வங்கி வாடிக்கையாளர் பெரும்பாலும் சந்திப்பது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். அதற்குமுன் இருந்த இரண்டு திட்டங்களை இணைத்து 2008இல் இது தொடங்கப்பட்டது. நாட்டளவில் காதி மற்றும் கிராமத் தொழில் ஆணையம் இதை நடத்துகிறது. மாநிலக் காதி வாரியங்களும் மாவட்டத் தொழில் மையங்களும் விண்ணப்பங்களைப் பரிந்துரைக்கின்றன. 2021-22 முதல் 2025-26 வரையான காலத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 13,554.42 கோடி ரூபாய். இக்காலத்துக்கான விதிகளின்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையும், சேவைத் தொழிலுக்கும் வணிகத்துக்கும் 20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு இருக்கலாம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு இல்லை. வருமான வரம்பும் இல்லை. பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்ப எண்ணும் தில்லித் தமிழர் பலர் இவ்விரண்டையும் அறியார்.

மானிய விகிதம் ஆளையும் இடத்தையும் பொறுத்தது. பொதுப் பிரிவினர் நகரில் தொடங்கினால் 15 சதவிகிதம், கிராமத்தில் 25 சதவிகிதம். சொந்தப் பங்காக 10 சதவிகிதம் போடவேண்டும். சிறப்புப் பிரிவினருக்கு நகரில் 25, கிராமத்தில் 35. சொந்தப் பங்கு 5 சதவிகிதம் போதும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மகளிர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் சிறப்புப் பிரிவினர். 2022இல் திருநரும், முன்னேற விழையும் மாவட்டங்களின் விண்ணப்பதாரரும் இப்பிரிவில் சேர்க்கப்பட்டனர். ஊராட்சி எல்லைக்குள் இருப்பது கிராமம் என்றும், நகராட்சி எல்லைக்குள் இருப்பது நகரம் என்றும் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக, முண்டு மிளகாயைத் தூய்மை செய்து அரைத்துப் பொதியும் கூடம் ஒன்றைக் கருதுவோம். இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மிளகாய் பயிரிடுவதற்கு இத்திட்டத்தில் இடமில்லை. மதிப்புக் கூட்டுவதற்கு உண்டு. திட்ட மதிப்பு 10 லட்சம் ரூபாய் என வைத்துக்கொள்வோம். பொதுப் பிரிவு ஆடவர் ஒருவர் தில்லி நகரில் இதைத் தொடங்கினால் சொந்தப் பங்கு 1 லட்சம், வங்கிக் கடன் 9 லட்சம், மானியம் ஒன்றரை லட்சம்; வட்டிக்கு உட்படும் கடன் ஏழரை லட்சம். அவரே கமுதிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தொடங்கினால் சொந்தப் பங்கு 50,000, கடன் ஒன்பதரை லட்சம், மானியம் மூன்றரை லட்சம். வட்டிக்கு உட்படுவது 6 லட்சம். கணக்கின் பொருட்டு ஆண்டு வட்டி 11 சதவிகிதம் என்று கொண்டால், முதலாண்டில் வட்டி மட்டும் 82,500 ரூபாயிலிருந்து 66,000 ஆகக் குறையும்.

இக்கணக்கில் இன்னொன்றும் புலப்படும். விண்ணப்பிப்பவர் ஆடவராக அன்றிப் பெண்ணாக இருந்தால், கமுதியில் கிடைக்கும் அதே 35 சதவிகிதம் கோவை மாவட்டத்துச் செழிப்பான கிராமத்திலும் கிடைக்கும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் அவ்வாறே. நலிந்த மாவட்டம் என்னும் தகுதியால் கூடுதல் பயன் பெறுவோர் வேறு எவ்வகையிலும் சிறப்புப் பிரிவில் வாராதவர்களே. தமிழ்நாட்டில் அத்தகையோர் தொகை சிறிது. ஆகவே இராமநாதபுரத்தின் வறட்சிக்கென்று தனி ஈர்ப்பு எதையும் இவ்விதி பெரிதாக உண்டாக்கிவிடவில்லை என்பதே என் கருத்து. தொழில் தொடங்குவோர் சதவிகிதத்தை நம்பி இடம் தேர்வது பயன் தராது. மூலப்பொருள், மின்சாரம், வாங்குவோர், சரக்குந்து வரும் சாலை ஆகியவற்றைப் பார்த்த பிறகே சதவிகிதத்தைப் பார்க்கவேண்டும்.

கிளைக்கு வருவோர் முதலில் கேட்பது, "கைக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். மானியத்தில் ஒரு ரூபாயும் கைக்கு வராது. வங்கி கடனின் முதல் தவணையை வழங்கிய பின்னரே மானியத்தைக் கோருகிறது. வரும் தொகை கடன் பெற்றவர் பெயரில் மூன்றாண்டு நிலை வைப்பாக வைக்கப்படும். அவ்வைப்புக்கு வட்டி இல்லை. அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வட்டி இல்லை. மூன்றாண்டு கழித்து அலகு நேரில் ஆய்வு செய்யப்படும். அது இயங்கிவருவது உறுதியானால் வைப்புத் தொகை கடனில் வரவு வைக்கப்படும். அதுவரை அது அரசின் பணமாகவே நிற்கிறது.

இடையில் தொழில் வீழ்ந்தால் என்ன ஆகும்? வெள்ளம், தீ போன்று கடன் பெற்றவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் கடன் வாராக்கடனாகிவிட்டால், மானியத்தைக் கடனில் கழித்துக்கொள்ள விதி இடந்தருகிறது. பொறியை விற்றுவிட்டுக் கூடத்தைப் பூட்டியவருக்கு அச்சலுகை இல்லை. தொகை ஆணையத்துக்குத் திரும்பிவிடும். அப்பொழுது முழுக் கடனும் அவர் தலையில் நிற்கும்.

பலர் அறியாமல் இழப்பது நடைமுறை மூலதனப் பகுதியில். இத்திட்டத்தில் கடன் இரு கூறாக வழங்கப்படும்: பொறிக்கும் கட்டடத்துக்கும் தவணைக் கடன், சரக்குக்கும் கூலிக்கும் காசுக்கடன். மூன்றாண்டுக்குள் ஒருமுறையேனும் காசுக்கடன் வரம்பு முழுவதும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பயன்பாடு அனுமதித்த வரம்பில் 75 சதவிகிதத்துக்குக் குறையலாகாது. குறைந்தால் அதற்கேற்ற விகிதத்தில் மானியம் திரும்பப் பெறப்படும். "கடனைத் தொடாமல் சிக்கனமாக நடத்தினேன், அதற்குத் தண்டனையா?" என்று வருந்துவோர் உண்டு. வருத்தம் நியாயமானதே. ஆனால் மானியம் முழுத் திட்ட மதிப்பின்மேல் கணக்கிடப்பட்டது; பயன்படுத்தாத மூலதனத்துக்கு மானியம் எதற்கு என்பது விதியை வகுத்தோர் கேள்வி. ஆகவே திட்ட அறிக்கையில் காசுக்கடன் வரம்பைத் தேவைக்கு மேல் உயர்த்தி எழுதச் சொல்லாதீர்கள். மானியத்தைப் பெருக்கும் வழியென்று சிலர் அவ்வாறு எழுதித் தருகிறார்கள்.

நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க இயலாது. வாடகைக் கூடத்தின் வாடகையை மூன்றாண்டு வரை சேர்க்கலாம். கணவன், மனைவி இருவருள் ஒருவருக்கே திட்டம் உண்டு. புதிய அலகுகளுக்கே முதற்கடன். வேறு அரசு மானியம் பெற்ற அலகு விண்ணப்பிக்க இயலாது. எனவே தமிழ்நாட்டில் தொடங்குவோர் மாநிலத் திட்டங்களையும் ஒப்பிட்டபின் ஒன்றைத் தேர்க. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவிகித மானியத்தை ஒன்றரைக் கோடி ரூபாய் வரையும், அதனுடன் 6 சதவிகித வட்டி மானியத்தையும் தருகிறது. பெரிய அலகு தொடங்க எண்ணும் அப்பிரிவினருக்கு அதுவே மேலானது.

விண்ணப்பம் ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றி ஏற்கப்படுகிறது. ஆணையம் இடைத்தரகர் எவரையும் நியமிக்கவில்லை. கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஆதார் எண்ணையும் கொடுக்கவேண்டாம். தில்லியில் வாழ்வோர் ஊரில் தொழில் தொடங்குவதாயின், கூடம் அமையும் ஊருக்கு அருகிலுள்ள கிளையை முன்னதாகவே நேரில் கண்டு பேசுவது நலம். கடனைக் கண்காணிக்கப்போவது அக்கிளையே.

மூன்றாண்டு நிறையும் நாளைக் குறித்துவைத்துக் கிளைக்கு எழுத்தில் நினைவூட்டுங்கள். மானியம் கடனில் வரவு வைக்கப்பட்டதும் கணக்கு அறிக்கை ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். வரவு நாளையும் தொகையையும் சரிபாருங்கள். நன்கு நடக்கும் அலகை விரிவாக்க இத்திட்டத்திலேயே இரண்டாம் கடன் உண்டு: உற்பத்திக்கு 1 கோடி ரூபாய் வரை, சேவைக்கு 25 லட்சம் வரை, பொதுவாக 15 சதவிகித மானியத்துடன். அவ்விண்ணப்பத்தை ஆராயும்போது அதிகாரி முதலில் பார்ப்பது முதற்கடனின் கணக்கு அறிக்கையைத்தான்.