தடயவியலுக்கு ஸ்க்ரிப்ட் எழுதப் பழகுங்கள்

கணினித் தடயவியலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி: "சார், கோடிங் தெரிஞ்சே ஆகணுமா?" ஆமாம், தெரிந்தே ஆக வேண்டும். அதற்காகப் பெரிய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தேவையில்லை. வழக்குக்கு வழக்கு திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, அவற்றில் மிகச் சிறியதை எடுத்துத்தான் நான் பைத்தான் பழகினேன். அப்படிக் கற்றவற்றில் சில இதோ.

கோப்பின் டிஜிட்டல் கைரேகையான ஹேஷில் தொடங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும், எந்த முறையில் அது கணக்கிடப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். பைத்தானோடு வரும் ஹேஷ்லிப் இதற்குப் போதும். வட்டின் முழு நகலான 500 ஜிபி இமேஜை ஒரே மூச்சில் படிக்க ரேம் இடம் தராது. துண்டு துண்டாகப் படிக்கச் சொல்லுங்கள். கோப்பைக் கையாளும் அடிப்படை இந்த ஒரு ஸ்க்ரிப்டிலேயே கைவந்துவிடும்.

நேரத்தில் கவனம் வையுங்கள். குரோம் உலாவியின் ஹிஸ்டரி கோப்பில் நேரம் 13350000000000000 என்பதுபோல் நீண்ட எண்ணாக இருக்கும். 1601 ஜனவரி 1 முதல் எண்ணிய மைக்ரோ நொடிகள் அவை. பத்து லட்சத்தால் வகுத்து, 11644473600 கழித்தால் யூனிக்ஸ் நேரம் கிடைக்கும். இந்த எண்ணுக்கு விடை 2024 ஜனவரி 17, இரவு 9.20, யூடிசி. இந்திய நேரத்தில் அது ஜனவரி 18 அதிகாலை 2.50. தேதியே மாறிவிடுகிறது! சம்பவ இரவில் கணினி முன் யார் இருந்தார் என்பதே கேள்வியாகும் வழக்கில் இது எவ்வளவு பெரிய வேறுபாடு! அதனால் என் அறிக்கைகளில் யூடிசி, இந்திய நேரம் இரண்டும் தனித்தனிப் பத்திகளாக இருக்கும்.

நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். குரோம் ஹிஸ்டரி போன்ற எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் பக்கத்தில் டபிள்யூஏஎல் என்ற துணைக்கோப்பு இருந்தால் அதையும் சேர்த்தே நகலெடுங்கள். முதன்மைக் கோப்பில் இன்னும் ஏறாத பதிவுகள் அதில் இருக்கலாம். சாதாரணமாகத் திறந்து மூடினாலே அவை முதன்மைக் கோப்பில் ஏறி, துணைக்கோப்பு அழிந்துவிடக்கூடும். மூலத்தின் பக்கம் ஸ்க்ரிப்டை விடவே கூடாது.

பிழையை விழுங்காதீர்கள். படிக்க முடியாத கோப்பைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும் ஸ்க்ரிப்ட் ஆபத்தானது. எந்தக் கோப்பு, என்ன காரணம் என்று லாகில் எழுத வையுங்கள். ஸ்க்ரிப்டின் பதிப்பு எண்ணும் ஓட்டிய நேரமும் அதே லாகில் இருக்கட்டும்.

விடை தெரிந்த இமேஜில் சோதியுங்கள். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் பயிற்சி இமேஜ்களை இலவசமாகத் தருகிறது. அவற்றில் உங்கள் ஸ்க்ரிப்டை ஓட்டி, ஆட்டாப்ஸி என்ற தடயவியல் மென்பொருள் காட்டும் முடிவோடு ஒப்பிடுங்கள். சில பதிவுகளை ஹெக்ஸ் எடிட்டரில் கையாலும் கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒருவருடைய சுதந்திரமே இந்த எண்களைச் சார்ந்திருக்கிறது. "இந்த நேரம் எப்படி வந்தது?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், வரிக்கு வரி விளக்கத் தெரிய வேண்டும். இணையத்தில் எடுத்ததோ, ஏஐ எழுதித் தந்ததோ, உங்களால் விளக்க முடியாத ஒரு வரிகூட வழக்கில் ஓடக் கூடாது.