முதன்மைப் பாடம் ஒன்றா, இரண்டா?



மேல்நிலைப் பள்ளியில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பயின்று, பி.காம். வகுப்பில் சேர எண்ணியிருக்கும் உங்களுக்காகவும், உங்களை நம்பிக் கல்லூரிக்கு அனுப்பவிருக்கும் பெற்றோருக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது. எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதோடு இப்போது இன்னொரு கேள்வியும் எழுகிறது. முதன்மைப் பாடம் ஒன்று எடுப்பதா, இரண்டு எடுப்பதா என்பதே அது. ஒன்றைவிட இரண்டு மேல் என்று பலர் எண்ணுகிறார்கள். பேரேடு எழுதப் பழகிய நாம் வரவையும் பற்றையும் எழுதிப் பார்த்த பின்பே முடிவு சொல்ல வேண்டும்.

விதி கூறுவது என்ன?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் பட்டங்களுக்கான பாடத்திட்ட வரையறையை வெளியிட்டது. படிப்பின் அளவைக் கிரெடிட் என்னும் அலகால் அது கணக்கிடுகிறது. மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட்டுகள் வேண்டும். அவற்றுள் முதன்மைப் பாடத்துக்கு 60, துணைப் பாடத்துக்கு 24. எஞ்சிய 36 மொழிப் பாடம், பிற துறை அறிவு, தொழில் திறன், நன்னெறி, கோடைக்காலப் பணிப் பயிற்சி ஆகியவற்றுக்கு உரியன. இரண்டு முதன்மைப் பாடங்களுடன் பட்டம் பெற விரும்புவோர் இரண்டாவது பாடத்தில் மொத்தத்தில் 40 விழுக்காடு, அதாவது 48 கிரெடிட்டுகள் பெற்றாக வேண்டும்.

எல்லா இடங்களிலும் இம்முறை இல்லை. கேரளத்தில் நான்காண்டுப் பட்டம் 2024-இல் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம், முக்கியப் பாடங்கள் எனப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் பழைய முறை உள்ளது. இங்கே சேரும்போதே பி.காம்., பி.காம். கணினிப் பயன்பாடு, பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், பி.பி.ஏ. என்று பட்டத்தைத் தேர்ந்துகொள்கிறோம். ஆயினும் பட்டத்தோடு ஒரு டிப்ளமோ படிக்கலாமா, இன்னொரு பட்டமும் படிக்கலாமா என்ற வடிவில் அதே கேள்வி இங்கும் வருகிறது. ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க மானியக் குழு 2022-இல் இசைவு தந்தது. இரண்டும் நேரடி வகுப்புகளாயின் வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதக்கூடாது என்பது நிபந்தனை.

நேரத்தின் கணக்கு

இனிக் கூட்டிப் பார்ப்போம். முதற்பாடத்துக்கு 60, இரண்டாவதற்கு 48, ஆக 108. மொழி முதலிய பிறவற்றுக்கு 36 சேர்த்தால் 144. துணைப் பாடத்தை அறவே விட்டுவிட்டாலும் 120-ஐவிட 24 மிகுகிறது. ஒரு கிரெடிட் என்பது விரிவுரைக்கு 15 மணி நேரம். எனவே 24 கிரெடிட்டுகள் 360 மணி நேரமாகும். கடைசி நான்கு பருவங்களில், பருவத்துக்கு 15 வாரம் எனப் பகிர்ந்தால், வாரந்தோறும் 6 மணி நேரம் கூடுதலாக வகுப்பில் இருக்க வேண்டும். வீட்டில் படிக்கும் நேரம் இதற்குப் புறம்பு.

ஒன்றைப் பெறுவதற்காக நாம் விட்டுக்கொடுப்பதைப் பொருளியல் வாய்ப்புச் செலவு என்கிறது. அந்த ஆறு மணி நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்தா, வீட்டுக்குச் செய்யும் உதவியிலிருந்தா, முதற்பாடத்திலிருந்தா? தொலைவிலிருந்து பேருந்தில் வரும் மாணவிக்கும் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிக்கும் விடை ஒன்றாக இராது.

பிற்காலத்துக்கு எது தேவை?

வங்கி அதிகாரித் தேர்வுகளுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் பொதுவாக ஏதேனும் ஒரு பட்டம் போதும். முதன்மைப் பாடம் எத்தனை என்று அங்கே கேட்பதில்லை. பட்டயக் கணக்கர் படிப்பையும் பாருங்கள். வணிகவியல் பட்டதாரி உரிய பாடத்தாள்களைப் படித்து 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருந்தால், அடிப்படைத் தேர்வு எழுதாமலே இடைநிலைக்குச் செல்லலாம். பிற பட்டதாரிகளுக்கு அது 60 விழுக்காடு.

ஒரு பாடத்தை எடுத்து 62 விழுக்காடு பெறக்கூடிய மாணவி, இரண்டை எடுத்துச் சுமை தாங்காமல் 53-க்கு இறங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழில் ஒரு பாடத்தின் பெயர் கூடும். நேர்வழி ஒன்று அடைபடும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

இரண்டு எப்போது நன்று?

இரண்டாவது பாடமே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கணக்கியலோடு நிதியியலை எடுத்தால் பல பகுதிகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும். உழைப்புச் சற்றுக் குறையும், புதிதாகக் கிடைக்கும் அறிவும் குறையும். கணக்கியலோடு புள்ளியியலையோ கணினியையோ எடுத்தால் உழைப்பு மிகும். ஆனால் இரண்டு கைத்தொழில்கள் கிடைத்தது போலாகும். செய்ய விரும்பும் வேலைக்கு இரண்டும் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவளுக்கும், முதல் ஆண்டுத் தேர்வுகளை எளிதாக வென்றவளுக்கும் அது தக்கதே. மற்றவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: முதன்மைப் பாடம் ஒன்று, நன்கு தேர்ந்த துணைப் பாடம் ஒன்று. விரும்பினால் இரண்டாவது துறையைப் பின்னர் முதுநிலையில் தொடரலாம்.

ஆகவே, விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன் பெற்றோரோடு அமர்ந்து இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. நான் விரும்பும் வேலைக்கோ மேற்படிப்புக்கோ இரண்டாவது பாடம் உண்மையில் தேவையா?
2. வாரத்துக்கு ஆறு மணி நேரம் எதிலிருந்து எடுப்பேன்?
3. கூடுதல் கட்டணம் உண்டா? படிப்புக் காலம் நீளுமா?
4. நடுவில் இயலாமற்போனால் ஒரு பாடத்தோடு முடிக்கக் கல்லூரி இடந்தருமா?

இந்த நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. அதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.

நம் நாட்டின் முதல் பெண் பட்டயக் கணக்கர் ஆர். சிவபோகம் அவர்கள் சென்னையில் பயின்றவர். பெண்கள் இத்துறையை எட்டிப் பாராத காலத்தில், 1933-ஆம் ஆண்டில், கணக்கியலில் அரசு டிப்ளமோ பெற்றார். ஒரு துறையில் ஆழ ஊன்றியவருக்கு மதிப்பு உண்டு என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

தோழி இரண்டு எடுத்தாள் என்பதற்காக நீங்களும் எடுக்க வேண்டாம். அவள் அஞ்சினாள் என்பதற்காக நீங்கள் விடவும் வேண்டாம். உங்கள் ஆற்றலையும் நேரத்தையும் வீட்டின் நிலையையும் நீங்களே எடைபோட்டு, எடுத்த பாடத்தைத் திருந்தக் கற்றுத் தேறுங்கள்!