டீசலை இறக்கினால் அம்பாசிடர் பறக்குமா?

நம்பிக்கை: “பழைய பெட்ரோல் அம்பாசிடரா? இன்ஜினைத் தூக்கி எடைக்குப் போடுங்கண்ணே. மெட்டடார் டீசலை இறக்குங்க. இழுவையும் கூடும், மைலேஜும் கூடும்.”

உண்மை: மேலூர் டீக்கடையில் ஆரம்பித்தால் மாட்டுத்தாவணி வரைக்கும் இதே பேச்சு. எண்பதுகளில் இதில் ஒரு கணக்கு இருந்தது. டீசல் மலிவு, டாக்ஸி நாள் முழுக்க ஓடியது, போட்ட காசு திரும்பியது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனதும் அந்தக் கணக்கும் போயிற்று. இன்று தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட வித்தியாசமில்லை. ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் போய்வருகிற வண்டிக்கு இன்ஜின் மாற்றின செலவு எந்த ஜென்மத்தில் திரும்பும்?

இழுவைக்கு வருவோம். இந்துஸ்தான் மோட்டார்ஸே 1489 சிசியில் இரண்டையும் போட்டு விற்றது. பெட்ரோல் ஏறக்குறைய 50 குதிரைத்திறன், டீசல் 37. இதில் எது பறக்கும்? மெட்டடார் இன்ஜின் பெரியது என்பீர்கள். கனமும் பெரியதுதான். அந்தக் கனத்தை முன்பக்க டார்ஷன் பார் சுமக்க வேண்டும். மவுண்டை வெட்டி வெல்டிங் அடிக்க வேண்டும், புரொபெல்லர் ஷாஃப்டைத் திருத்த வேண்டும். பல்வலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம் இது.

ஆர்சி புக்கில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல் என்றால் சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2019இல் உச்ச நீதிமன்றம் இறுக்கிப் பிடித்துவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஐம்பது வயது தாண்டிய காரை விண்டேஜ் என்று பதிய 2021இல் விதி வந்தது. இன்ஜினை மாற்றினால் அந்தத் தகுதியும் போச்சு.

சரி, இன்ஜின் நிஜமாகவே போய்விட்டதா? புகையைப் பார்த்துச் சொல்வது ஜோசியம். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்துக் கம்ப்ரஷன் கேஜைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் 130 காட்டி ஒன்று மட்டும் 70இல் நின்றால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒன்றாக விழுந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். மூன்றுக்கும் வைத்தியம் உண்டு. போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், ஸ்லீவ் இறக்கலாம், கிராங்க் அரைக்கலாம். இதைவிட வலுதான் வேண்டுமென்றால் தொண்ணூறுகளில் கம்பெனியே போட்ட 1800 சிசி இசுசு பெட்ரோல் இருக்கிறது. அதற்கும் ஆர்டிஓ அனுமதி முதலில், வெல்டிங் பிறகு.

நம்பிக்கை: கெட்டி ஆயில் ஊற்றினால் புகை நிற்கும்.
உண்மை: விற்கிற வரைக்கும் நிற்கும். வாங்குகிறவர்களே, உஷார்.

நம்பிக்கை: மதுரை வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்.
உண்மை: ரேடியேட்டர் அடைப்பை எடுக்கச் சோம்பல்பட்டவர் சொன்னது.

நம்பிக்கை: எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பழைய இன்ஜினைத் தின்றுவிடும்.
உண்மை: முதலில் அடி வாங்குவது ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் கேஸ்கெட்டும். அதற்கேற்ற ஹோஸ் மாற்றுங்கள், ஜெட்டைச் சரிபாருங்கள்.

கடைசியாக ஒன்று. நூலில் ஒரு பங்கு கூடாமல் குறையாமல் போர் அடிக்கத் தெரிந்த லேத்துக்காரர்கள் அருகி வருகிறார்கள். ஐடிஐ பையன்களுக்கு ஸ்கேனரோடு போர் கேஜையும் கையில் கொடுங்கள். அளக்கத் தெரியாதவன்தான் “மாத்திடலாம்ணே” என்பான். கேஜ் வைக்காமலே “இன்ஜின் போச்சு” என்று சொல்கிற பட்டறையில் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.