கடல்களின் சம்பூரணம்

வேதபாடம்: உபாகமம் 33:18, 19



மோசே தன் மரணத்திற்கு முன் கோத்திரங்களை ஆசீர்வதித்தபோது, செபுலோனும் இசக்காரும் கடல்களின் நிறைவையும் மணலில் மறைந்த பொருள்களையும் அனுபவிப்பார்கள் என்றான். இதைப் புத்தாண்டு வாக்குத்தத்தமாகப் பெற்று, வருமானம் பெருகும் என்று மகிழ்கிறவர்கள் அநேகர். ஆனால் கடலையே நம்பி வாழ்கிறவர்கள் இவ்வசனத்தை எவ்வாறு வாசிப்பார்கள்?

திருவனந்தபுரத்தின் தெற்கே விழிஞ்ஞம் என்னும் பழைமையான மீனவத் துறை உள்ளது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, அந்தக் கரையிலிருந்தும் பூந்துறை, குமரி மாவட்டக் கரைகளிலிருந்தும் தொழிலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. அவர்களுடைய வீடுகளில் இந்த ஆசீர்வாதம் பொய்த்துப்போயிற்றா? வசனத்தை முழுமையாகத் தியானிப்போம்.

1. புறப்படுகையில் மகிழ்ச்சி

செபுலோன் வெளியே புறப்படுகையிலும், இசக்கார் கூடாரங்களில் தங்குகையிலும் மகிழும்படி கூறப்படுகிறது. நிறைந்த வலையோடு திரும்புவதைக் குறித்து இங்கே ஒன்றும் சொல்லப்படவில்லை. பலனைக் காணுமுன்னே, தேவன் உடனிருப்பதால் வரும் மகிழ்ச்சியே இது. ஆகவே ஒருவனுக்கு நேர்ந்த இழப்பைக் கொண்டு அவனை ஆசீர்வாதமற்றவன் என்று தீர்ப்பது வேதத்திற்கு ஒவ்வாது.

2. குழந்தையைப்போல் பெறுதல்

"அனுபவிப்பார்கள்" என்று நம் வேதாகமத்தில் உள்ள இடத்தில், எபிரெய மூலத்தில் குழந்தை தாயின் பாலைக் குடிப்பதைக் குறிக்கும் சொல்லே உள்ளது. கேரள மீனவர் கடலைக் "கடலம்மா" என்றே அழைக்கின்றனர். குழந்தை பசிக்குத் தக்கதாய்க் குடிக்கும், சேர்த்து வைக்காது. ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவன் நிறைய, மற்றவன் பசித்திருப்பது சம்பூரணம் ஆகாது.

விழிஞ்ஞத்தில் 2025 மே 2 அன்று சர்வதேசத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெருங்கப்பல்கள் வரும் அதே கரையில், 2022-இல் மீனவ மக்கள் கரையரிப்பையும் வீடிழந்தோரின் நிலையையும் முன்வைத்து நூறு நாட்களுக்கு மேல் போராடினர். கடலின் நிறைவு யாரைச் சேர்கிறது என்ற கேள்வி இன்றும் நம்முன் நிற்கிறது.

3. நீதியின் பலிகள்

இரு வாக்கியங்களுக்கும் நடுவே நாம் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு: அவர்கள் ஜனங்களை மலைக்கு அழைத்து, அங்கே நீதியின் பலிகளைச் செலுத்துவார்கள். கடலின் நிறைவு இதற்குப் பின்னரே சொல்லப்படுகிறது. தேவன் தரும் மிகுதி, பிறரை அழைத்து அவர்களோடு பங்கிடுவதற்காகவே தரப்படுகிறது.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஒக்கி வீசி ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன. விழிஞ்ஞம் உள்ளிட்ட கரைகளின் மீனவர் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, பத்தனம்திட்டா, செங்கன்னூர்ப் பகுதிகளுக்கு விரைந்தனர். படகுதான் அவர்களுடைய பிழைப்பு. மதிலிலும் மரத்திலும் மோதிச் சேதமடையும் என்று அறிந்தும் அதைக் கொடுத்தனர். மீட்கப்பட்டவர்களின் சாதியையோ மதத்தையோ அவர்கள் கேட்கவில்லை. உயிர்களைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்றவர்களும் அவர்களில் உண்டு. இழந்தவர்களின் கைகளிலிருந்தே நிறைவு பொங்கி வழிந்தது. இதுவன்றோ நீதியின் பலி!

பிரியமானவர்களே, "ஆண்டவரே, எனக்கு எவ்வளவு தருவீர்?" என்ற ஜெபத்தோடு, "நீர் தந்ததில் என் அயலானின் பங்கு எது?" என்றும் கேட்போமாக. கரையில் காத்திருந்து ஏமாந்த குடும்பங்களை நம் ஜெபத்திலும் உதவியிலும் நினைவுகூருவோமாக. அப்பொழுது கடல்களின் சம்பூரணம் நம் வழியாய் அநேகரைச் சென்றடையும். ஆமென்.