தகரக் கூரையும் மின்கட்டணமும்

விடியுமுன் பால் வெட்டச் செல்லும் நம் தோட்டப்புற மக்கள் வீடு திரும்பும் வேளையில்தான் தகரக் கூரை மிகக் கடுமையாகக் காய்கின்றது. ஓய்வெடுக்க வேண்டிய நேரம் வியர்வையில் கழிகின்றது. விசிறியை முழு வேகத்தில் சுழலவிடுகின்றோம். மாத முடிவில் கட்டணத்தைக் கண்டு மனம் வருந்துகின்றோம். இவ்விரு தொல்லைகளையும் ஒருங்கே ஆராய்வோம்.

முதற்கண், மின்சாரம் எங்கே செலவாகிறதென்று கணக்கெடுத்தல் வேண்டும். தாளும் பென்சிலும் போதும். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் 1 யூனிட் செலவாகும். 60 வாட் குண்டு பல்பு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட். ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 1.35 யூனிட்டே ஆகும். குளிர்ப்பெட்டியின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடிப் பாருங்கள். இழுத்தவுடன் எளிதில் வந்துவிட்டால் கதவின் ஓரப்பட்டை தளர்ந்துள்ளது என்று பொருள். வீட்டிலுள்ள யாவற்றையும் அணைத்த பின்னரும் மீட்டரின் தகடு சுழன்றாலோ, அதன் சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்தல் வேண்டும்.

இனிக் கூரைக்கு வருவோம். குளிர்நாட்டார் வீட்டினுள் இருக்கும் வெப்பத்தைக் காக்கவே வெப்பக்காப்புப் பொருள்களைப் பொருத்துகின்றனர். நமக்கோ வெளிவெப்பத்தைத் தடுப்பதே வேலை. காய்ந்த தகரம் கீழ்நோக்கி வெப்பக்கதிரை வீசுகின்றது. கூரைக்குக் கீழே, குறைந்தது ஓர் அங்குல இடைவெளி விட்டு அலுமினியத் தாளைக் கட்டினால் அக்கதிரின் பெரும்பகுதி தடைப்படும். இடைவெளியின்றித் தகரத்தோடு ஒட்டிவிட்டால் மேற்பக்கத்துப் பளபளப்பால் பயனில்லை. ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் தாளாயின், அப்பக்கம் கீழ்நோக்கி இருப்பதே நன்று. மேல்நோக்கிய பக்கத்தில் தூசு படியும். தூசு படிந்தால் அதன் திறன் குன்றும். பலர் இதனைத் தலைகீழாகவே செய்கின்றனர். அலுமினியத்தில் மின்சாரம் பாயுமாதலால் மின்கம்பிகளின் அருகே ஆணி அடித்தல் ஆகாது. பழைய கூரை அஸ்பெஸ்டாஸ் ஓடாயின் அதனை அறுக்கவோ துளையிடவோ வேண்டா; அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு.

தோட்ட வீடு நிர்வாகத்துக்கு உரியதாதலால் முன்னனுமதி பெறுதல் இன்றியமையாதது. லயத்தில் பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வதால், எல்லாரும் சேர்ந்து கேட்பதே தக்கது. ஒரு வீட்டில் மட்டும் தாள் கட்டினால், தடுப்புச் சுவர் கூரை வரை எட்டாத லயங்களில் பக்கத்து வீட்டு வெப்பக்காற்று மேல்வழியே வந்து சேரும்.