தீர்ப்பு வரை துணை நிற்கத் தயாரா?

ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தால், சாட்சி சொல்ல அது 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, அடிவாரம் தாண்டி, சேலம் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். கூட வரும் தாய்க்கு அன்றைய கூலி போகும். போலீஸ், டாக்டர், வக்கீல் என முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். மாறாத ஒரு முகம் அந்தக் குழந்தைக்கு வேண்டும். அதற்கென்றே சட்டம் தந்திருக்கும் பொறுப்புதான் ஆதரவு நபர்.

யார் ஆகலாம்?
போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) சட்டத்தின் 2020 விதிகளின்படி, குழந்தை, பெற்றோர் சம்மதத்தோடு குழந்தைகள் நலக் குழு இவரை நியமிக்கும். குழந்தை உரிமைக்காக உழைக்கும் தனிநபரோ அமைப்போ, காப்பக அலுவலரோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஊழியரோ ஆகலாம். சமூகப்பணி, உளவியல் படித்தவர்களுக்கு இது நல்ல களம். ஏற்காட்டில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் பேச்சும் வாழ்க்கையும் தெரிந்த உள்ளூர் பட்டதாரிகள் அவசியம் முன்வர வேண்டும்.

என்ன வேலை?
- வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் குடும்பத்துக்குப் புரியும்படி சொல்வது.
- குழந்தை எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) பார்க்கப் பயப்படுகிறதா, எப்படிச் சாட்சி சொல்ல விரும்புகிறது என்பதை அதிகாரிகளிடம் சேர்ப்பது. குழந்தை எதிரியின் கண்ணில் படாமல் சாட்சி சொல்லப் போக்சோ சட்டத்தின் 36-வது பிரிவு வழி செய்கிறது.
- பஸ் செலவு, சாப்பாடு, துணிக்கு உடனடி நிவாரணம் கேட்பது. குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும்.
- சொந்த வக்கீல் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கேட்பது. உதவி எண் 15100.

எதைச் செய்யக் கூடாது?
சாட்சியம் சொல்லிக்கொடுக்கக் கூடாது; வழக்கே கெட்டுவிடும். குழந்தையின் பெயர், படம், ஊர், பள்ளி எதுவும் வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும்.

சம்பளமும் வளர்ச்சியும்
திறன்மிகு தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்கின்றன விதிகள். முதல் படியாக, சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி பெறலாம். குழந்தைகளுக்கான கல்வி, சுகாதாரம், நலப்பணிகளில் 7 ஆண்டுகள் உழைத்தவர்கள், இளைஞர் நீதிக் குழுமத்திலும், உரிய பட்டப்படிப்பும் இருந்தால் குழந்தைகள் நலக் குழுவிலும் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம்.

சேருமுன்
கூடுமானவரை ஓராண்டில் விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். பாதியில் விலகினால் குழந்தை இன்னொருவரையும் இழக்கும். இரண்டு ஆண்டு நிற்க முடியும் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். முடியாதவர்களும், ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால், உடனே 1098-ஐ அழையுங்கள்.