வீட்டு மின்சுற்றும் பாதுகாப்பும்: உருகி யாரைக் காக்கிறது?

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்



மின் பற்றிய அலகில் பலர் புள்ளியை இழப்பது கடினமான கணக்குகளில் அல்ல. "உருகியின் தொழில் யாது?" என்பது போன்ற ஒரு வரி வினாக்களில்தான். "மின்னதிர்ச்சியிலிருந்து மனிதரைப் பாதுகாத்தல்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறார்கள். இவ்விடை பிழையானது. பரீட்சையில் இப்பிழைக்கு ஒரு புள்ளி போகும். வீட்டில் இதே பிழையை நம்பி நடந்தால் உயிர் போகும். எனவே இப்பாடத்தைக் கவனமாக வாசியுங்கள்.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்
• தொடர், சமாந்தர இணைப்புகளை வேறுபடுத்தவும்,
• ஓர் உபகரணத்துக்கு ஏற்ற உருகியைக் கணித்துத் தெரிவுசெய்யவும்,
• உருகி, புவிக் கம்பி, மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான் ஆகியவற்றின் தொழில்களைப் பிரித்துக் கூறவும்
ஆற்றல் பெறுவீர்கள்.

1. எளிய மின்சுற்று

மின்கலம், மின்குமிழ், ஆளி ஆகியவற்றைக் கடத்திக் கம்பிகளால் தொடுத்தால் எளிய மின்சுற்று கிடைக்கும். ஆளி மூடியிருக்கும்போது பாதை பூரணமாகும், மின்னோட்டம் பாயும். ஆளி திறந்திருக்கும்போது பாதை துண்டிக்கப்படும், மின்னோட்டம் பாயாது.

வெப்பநிலை மாறாதிருக்கையில் ஒரு கடத்தியினூடான மின்னோட்டம் அதன் முனைகளுக்கு இடையேயான அழுத்த வித்தியாசத்துக்கு நேர்விகித சமமாகும். இது ஓமின் விதி எனப்படும்.

அழுத்த வித்தியாசம் = மின்னோட்டம் × தடை

அழுத்த வித்தியாசத்தின் அலகு வோல்ற்று, மின்னோட்டத்தின் அலகு அம்பியர், தடையின் அலகு ஓம். இச்சமன்பாட்டை நன்கு மனதில் இருத்துங்கள். இப்பாடத்தின் இறுதி வரை இதுவே நமக்குத் துணை.

2. தொடர் இணைப்பும் சமாந்தர இணைப்பும்

உதாரணம் 1: தலா 6 ஓம் தடையுடைய இரு மின்குமிழ்கள் 6 வோல்ற்று மின்கல அடுக்கு ஒன்றுடன் இணைக்கப்படுகின்றன. மின்கல அடுக்கிலிருந்து பாயும் மின்னோட்டம் யாது?

தொடராக இணைத்தால்: மொத்தத் தடை 6 + 6 = 12 ஓம். மின்னோட்டம் 6 ÷ 12 = 0.5 அம்பியர்.

சமாந்தரமாக இணைத்தால்: ஒவ்வொரு மின்குமிழும் முழு 6 வோல்ற்றையும் பெறும். ஒவ்வொன்றினூடாகவும் 6 ÷ 6 = 1 அம்பியர் பாயும். மொத்தம் 2 அம்பியர்.

தொடர் இணைப்பில் ஒரு மின்குமிழ் பழுதடைந்தால் மற்றையதும் அணைந்துவிடும். கோயில் திருவிழாவிலும் வெசாக் காலத்திலும் தொங்கவிடப்படும் பழைய வகை மின்குமிழ்ச் சரங்களில் ஒன்று எரிந்து போனதும் சரம் முழுவதும் இருண்டுவிடுவது இதனாலேயே. வீட்டில் அவ்வாறு நடப்பதில்லை. குசினி மின்குமிழ் எரிந்து போனாலும் விறாந்தை மின்குமிழ் ஒளிரும். ஏனெனில் வீட்டு உபகரணங்கள் யாவும் சமாந்தரமாகவே இணைக்கப்படுகின்றன.

சமாந்தர இணைப்பின் நன்மைகள்: (அ) எல்லா உபகரணங்களும் ஒரே வோல்ற்றளவைப் பெறும். (ஆ) ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளியால் இயக்கலாம். (இ) ஒன்று பழுதடைந்தாலும் மற்றையவை இயங்கும்.

ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். சமாந்தரமாக உபகரணங்களைக் கூட்டக் கூட்ட மொத்த மின்னோட்டமும் கூடிக்கொண்டே போகும். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

3. வீட்டுக்குள் மின் வரும் வழி

இலங்கையில் வீடுகளுக்கு 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம் வழங்கப்படுகிறது. அது வீட்டுக்குள் வரும் ஒழுங்கு பின்வருமாறு:

சேவைக் கம்பி → சேவை உருகி அல்லது சுற்றுடைப்பான் → மின்மானி → பிரதான ஆளி → மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான் → பரம்பல் பெட்டியிலுள்ள சிறு சுற்றுடைப்பான்கள் → மின்குமிழ்ச் சுற்றுகள், குதைச் சுற்றுகள்

மூன்று கம்பிகளை அறிந்திருத்தல் வேண்டும்.

உயிர்க் கம்பி: புவி சார்பாக 230 வோல்ற்று அழுத்தத்தில் இருக்கும். பழைய இணைப்புகளில் சிவப்பு, புதியவற்றில் கபிலம்.
நொதுமல் கம்பி: மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி. அழுத்தம் ஏறத்தாழப் பூச்சியம். பழையது கறுப்பு, புதியது நீலம்.
புவிக் கம்பி: உபகரணத்தின் உலோக உடலை நிலத்துடன் தொடுக்கும். பழையது பச்சை, புதியது பச்சையும் மஞ்சளும் சேர்ந்த கோடுகள்.

கறுப்பும் நீலமும் நொதுமல் என்று மனனம் செய்தால் மட்டும் போதாது. பழைய வீடொன்றில் இரு நிறமுறைகளும் கலந்திருக்கலாம். நிறத்தை நம்பிக் கம்பியைத் தொடவே கூடாது.

ஆளியும் உருகியும் எப்போதும் உயிர்க் கம்பியிலேயே பொருத்தப்பட வேண்டும். ஏன்? ஆளியை நொதுமல் கம்பியில் பொருத்தினாலும் அதைத் திறந்ததும் மின்குமிழ் அணையும். ஆனால் மின்குமிழ் தாங்கி இன்னமும் 230 வோல்ற்றில் இருக்கும். அணைந்துவிட்டதே என்று எண்ணிக் கைவைப்பவர் மின்னதிர்ச்சிக்கு உள்ளாவார்.

4. உருகி: கம்பியைக் காப்பது

ஒரு கம்பியில் ஒரு செக்கனில் உண்டாகும் வெப்பம் = மின்னோட்டம் × மின்னோட்டம் × தடை. ஆகவே மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மிகைச் சுமையினாலோ, உயிர்க் கம்பியும் நொதுமல் கம்பியும் ஒன்றையொன்று தொடும் குறுஞ்சுற்றினாலோ மின்னோட்டம் கூடினால் சுவருக்குள் இருக்கும் கம்பி சூடாகி, அதன் காவலி உறை உருகித் தீப்பற்றலாம். அதற்கு முன் தான் உருகிச் சுற்றைத் துண்டிக்கும் மெல்லிய கம்பியே உருகி. சிறு சுற்றுடைப்பான் இதே வேலையைத் தானாகத் திறக்கும் ஓர் ஆளியாக நின்று செய்கிறது.

உபகரணத்துக்கு ஏற்ற உருகியைத் தெரிவுசெய்ய:

மின்னோட்டம் = வலு ÷ வோல்ற்றளவு

உதாரணம் 2: 1000 வாற்று மின்னழுத்தி ஒன்றுக்கு ஏற்ற உருகி எது?
1000 ÷ 230 = 4.3 அம்பியர் (ஏறத்தாழ). இதற்குச் சற்றுக் கூடிய 5 அம்பியர் உருகி பொருத்தமானது. 3 அம்பியர் உருகி உருகிவிடக்கூடும். 30 அம்பியர் உருகி, கம்பி எரிந்தாலும் உருகாது.

உதாரணம் 3: 13 அம்பியர் குதை ஒன்றில் மல்டி பிளக் ஒன்றைச் செருகி 2000 வாற்று மின்கேத்தல், 1000 வாற்று மின்னழுத்தி, 700 வாற்று ரைஸ் குக்கர் ஆகியவற்றை ஒரே நேரத்தில் இயக்கினால் என்ன நிகழும்?
மொத்த வலு 3700 வாற்று. 3700 ÷ 230 = 16.1 அம்பியர். இது 13 அம்பியரிலும் கூடியது. குதையும் மல்டி பிளக்கும் சூடாகிக் கருகும். காலை அவசரத்தில் பல குசினிகளில் நடப்பது இதுவே.

உருகி உருகிய இடத்தில் தடித்த செப்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையோ வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உருகியைத் திருத்தவில்லை; அகற்றிவிட்டார்கள்.

5. மனித உடலுக்கு எவ்வளவு மின்னோட்டம் ஆபத்தானது?

1 மில்லியம்பியர் என்பது ஓர் அம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஏறத்தாழ 1 மில்லியம்பியர் – இலேசான கூச்சம் உணரப்படும்.
10 மில்லியம்பியர் அளவில் – தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாமற் போகலாம்.
30 மில்லியம்பியர் அளவில் – சுவாசம் தடைப்படும் அபாயம்.
50 முதல் 100 மில்லியம்பியரும் அதற்கு மேலும் – இதயத் துடிப்பு ஒழுங்கு குலைந்து மரணம் நேரலாம்.

உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம் ஆகும். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் வரை குறையலாம். இப்போது ஓமின் விதியைப் பிரயோகியுங்கள்.

230 ÷ 1000 = 0.23 அம்பியர் = 230 மில்லியம்பியர்

இது ஒருவரைக் கொல்லப் போதுமானது. ஆனால் 5 அம்பியர் உருகி உருகுவதற்கு 5000 மில்லியம்பியரிலும் கூடிய மின்னோட்டம் வேண்டும். மனிதர் இறந்துகொண்டிருக்கையில் உருகி ஒன்றும் நடவாதது போல் இருக்கும். ஆகவே உருகி காப்பது கம்பியை, மனிதரை அல்ல. சிறு சுற்றுடைப்பானும் அப்படியே.

6. மனிதரைக் காப்பவை

புவிக் கம்பி: மின்னழுத்தியின் உள்ளே உயிர்க் கம்பி கழன்று உலோக உடலைத் தொடுகிறது என்போம். புவிக் கம்பி இல்லையெனில் உடல் 230 வோல்ற்றில் காத்திருக்கும். தொடுபவரினூடாக மின் நிலத்தை அடையும். புவிக் கம்பி இருந்து, நிலம் வரையான தடை 10 ஓம் எனின், 230 ÷ 10 = 23 அம்பியர் பாயும். 5 அம்பியர் உருகி உருகி, மின் துண்டிக்கப்படும்.

ஆனால் நிலம் உலர்ந்து அல்லது இணைப்புத் துருப்பிடித்துத் தடை 100 ஓம் ஆகிவிட்டால்? 230 ÷ 100 = 2.3 அம்பியர் மட்டுமே. உருகி உருகாது. இங்குதான் மூன்றாவது காவல் தேவைப்படுகிறது.

மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான்: வீட்டில் நாம் ட்ரிப் சுவிச் என்பது இதனையே. உயிர்க் கம்பியால் செல்லும் மின்னோட்டத்தையும் நொதுமல் கம்பியால் திரும்பும் மின்னோட்டத்தையும் இது எந்நேரமும் ஒப்பிடும். இரண்டும் சமமெனின் பிரச்சினை இல்லை. ஒரு பகுதி மனிதரினூடாகவோ ஈரச் சுவரினூடாகவோ நிலத்துக்குக் கசிந்தால் திரும்புவது குறையும். வீடுகளுக்கு உரிய வகை, இவ்வித்தியாசம் 30 மில்லியம்பியரை அடையும்போது ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள் சுற்றைத் திறந்துவிடும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் உலர்ந்த பலகையில் நின்றபடி ஒரு கையால் உயிர்க் கம்பியையும் மறு கையால் நொதுமல் கம்பியையும் தொட்டால் மின் நிலத்துக்குக் கசியாது. சுற்றுடைப்பானுக்கு அவர் ஒரு மின்குமிழ் போலவே தெரிவார். அது திறக்காது.

7. வகுப்பில் எழுந்த ஒரு கதை

இப்பாடத்தைப் படிப்பித்த ஒரு நாள் மாணவி ஒருவர் எழுந்து சொன்னார்: "சேர், எங்கட வீட்டில ட்ரிப் சுவிச் நெடுக விழுகுது எண்டு அப்பா ஆளைப் பிடிச்சு நேர இணைச்சுப் போட்டார். இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை."

வகுப்பு சிரித்தது. நான் கரும்பலகையில் 30 என்றும் 5000 என்றும் எழுதினேன். சிரிப்பு நின்றது. ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுவது அதன் குறை அல்ல. எங்கோ மின் கசிகிறது என்னும் அறிவித்தல். அன்று மாலையே அவர் வீட்டில் விடயத்தைச் சொல்லியிருக்கிறார். தகுதியுள்ள மின் தொழினுட்பவியலாளர் வந்து பார்த்தபோது கிணற்றடித் தண்ணீர் மோட்டருக்குச் செல்லும் கம்பியின் உறை தேய்ந்து ஈரச் சுவரில் பட்டுக்கொண்டிருந்தது. வீட்டார் நாள்தோறும் குளிப்பதும் அக்கிணற்றடியிலேயே.

கம்பி மாற்றப்பட்டது. ட்ரிப் சுவிச் மீண்டும் இணைக்கப்பட்டது. அதன்பின் அது விழவில்லை.

8. வீட்டில் கவனிக்க வேண்டியவை

• ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது பழுது.
• 13 அம்பியர் குதையின் மேல் துளைக்குள் பேனையையோ ஈர்க்கையோ செருகி இருமுளைச் செருகியை நுழைக்காதீர்கள். புவி முளை நீளமாக இருப்பது, அது முதலில் தொடுகையுற்று மற்றைய துளைகளின் மூடியைத் திறப்பதற்காகவே.
• ஈரக் கையுடன் ஆளியைத் தொடாதீர்கள். மின்குமிழ் மாற்றும் முன் பிரதான ஆளியைத் திறந்து விடுங்கள்.
• பன்றிக்கெனத் தோட்ட வேலிக்கு வீட்டு மின்னை நேரடியாகக் கொடுப்பது சட்டவிரோதம். இவ்வாறான வேலிகளில் மனிதரும் யானைகளும் இறந்துள்ளனர். முறையான மின்வேலி, அதற்கென உள்ள கருவியிலிருந்து மிகக் குறுகிய துடிப்புகளையே பெறுகிறது.

ஒருவர் மின்னதிர்ச்சிக்கு உள்ளானால்: அவரைத் தொடாதீர்கள். முதலில் பிரதான ஆளியால் மின்னைத் துண்டியுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த தடியால் கம்பியை விலக்குங்கள். அறுந்து விழுந்த வீதி மின்கம்பி எனின் கிட்டவே போகாதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழையுங்கள்.

9. பயிற்சி வினாக்கள்

1. 230 வோல்ற்றில் இயங்கும் 1500 வாற்று உபகரணத்துக்கு மிகப் பொருத்தமான உருகி எது?
(1) 3 அம்பியர் (2) 5 அம்பியர் (3) 10 அம்பியர் (4) 30 அம்பியர்

2. நனைந்த நிலையிலுள்ள ஒருவரின் உடற்றடை 2000 ஓம். அவர் உயிர்க் கம்பியைத் தொடுகிறார்.
(அ) உடலினூடு பாயும் மின்னோட்டம் யாது?
(ஆ) 5 அம்பியர் உருகி உருகுமா?
(இ) 30 மில்லியம்பியர் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான் திறக்குமா?

3. உருகியை நொதுமல் கம்பியில் பொருத்துவதன் ஆபத்தை விளக்குக.

விடைகள்
1. (3). மின்னோட்டம் 6.5 அம்பியர் ஆகையால்.
2. (அ) 230 ÷ 2000 = 0.115 அம்பியர், அதாவது 115 மில்லியம்பியர். (ஆ) உருகாது. (இ) திறக்கும்.
3. உருகி உருகியபின் உபகரணம் நின்றுவிடும். ஆயினும் அது உயிர்க் கம்பியுடன் தொடுக்கப்பட்டே இருப்பதால் தொடுபவர் மின்னதிர்ச்சிக்கு உள்ளாகலாம்.

நினைவிற் கொள்க: உருகியும் சிறு சுற்றுடைப்பானும் கம்பியைக் காக்கும். புவிக் கம்பியும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பானும் மனிதரைக் காக்கும்.

இன்று வீட்டுக்குச் சென்றதும் பரம்பல் பெட்டியைத் திறக்காமல் வெளியிலிருந்து பாருங்கள். சோதனைப் பொத்தான் உள்ள ட்ரிப் சுவிச் இருக்கிறதா? இல்லையெனில் இப்பாடத்தின் 5ஆம் பகுதியை வீட்டில் உள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.